தடிக்கு நீந்தத் தெரியாது

உங்கள் தூண்டில் தடி கிடைத்துவிட்டது. சென்ற வியாழக்கிழமை காலை சாம்பல்தீவில் இழுத்த கரைவலையில், மீனுக்கும் பாசிக்கும் நடுவே அது வந்திருக்கிறது. எனக்குச் சொன்னவர் அந்த வலையின் சொந்தக்காரர். பொலிஸார் அதை உறுதிப்படுத்தினார்கள். அடையாளம் காட்ட உங்கள் மனைவி யோகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். நேற்று அவரோடு நானும் போய்ப் பார்த்தேன்.

ரீல் உப்பில் இறுகிக் கிடந்தது. தங்கூசி நூலில் பாதி இல்லை. கைபிடியில் நீங்கள் மிதப்பாகக் கட்டிய நீல இறப்பர்த் துண்டு மட்டும் அப்படியே இருந்தது. யோகம் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ர செருப்பு. தேய முதலே வெட்டினவர்," என்றார்.

பொலிஸ் சார்ஜன்ட் அதையே அடையாளமாக எழுதிக்கொண்டார்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கிய காலத்திலேயே உங்களுக்குக் கட்டுகளில்தான் கண். ஓய்வு பெற்ற பிறகு, நிலாவெளி விடுதியொன்று கழித்துப்போட்ட அந்த மஞ்சள் கயாக் துடுப்புப்படகை வாங்கினீர்கள். முதல் மாதமே ஒரு பாரை மீன் உங்கள் முதலாவது தடியை, அது நின்ற குழாயிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் கயாக் முழுக்கக் கயிறு. துடுப்புக்கு ஒன்று, குறட்டுக்கு ஒன்று, மீன் பெட்டிக்கு ஒன்று, தடிக்கு ஒன்று. கயிறு கை நீளத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினால் காலில் சுற்றும் என்றீர்கள். கனமான சாமான்களுக்கெல்லாம் யோகத்தின் செருப்பிலிருந்து மிதப்பு வெட்டியிருந்தீர்கள். கத்தியை மட்டும், அதற்கும் ஒரு கயிறு கட்டி, உறையோடு கயாக்கின் முன் தட்டில் நெஞ்சுக்கு நேரே வைத்திருந்தீர்கள். ஏன் என்று கேட்டேன். கயிறு இழுபட்டு இறுகினால் கயாக்கில் மாட்டின கொளுக்கியைக் கழற்ற ஏலாது, வெட்டத்தான் வேணும் என்றீர்கள்.

கடலுக்குப் போகுமுன் அந்தச் சோதனையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. உட்துறைமுக வீதியோரம் இடுப்பளவு தண்ணீரில் கயாக்கை நீங்களே கவிழ்ப்பீர்கள். பிறகு நிமிர்த்தி, எது விழுந்தது, எது தொங்குகிறது என்று பார்ப்பீர்கள். கரையில் நின்றவர்கள், ஐயா இன்றைக்கும் மீனுக்கு முதல் தானே குளிச்சிட்டார் என்று சிரிப்பார்கள். நான் மதிலில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி பார்த்திருப்பேன். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"எல்லாத்தையும் கட்டிப் போட்டியள். உங்களைக் கட்டேல்லையோ?"

"தடிக்கு நீந்தத் தெரியாது, பேப்பர்க்காரரே. எனக்குத் தெரியும்."

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆடியில், கச்சான் காற்று கடலை நோக்கி வீசிய நாளில் நீங்கள் திரும்பவில்லை. பின்னேரம் மூதூர் மீனவர்கள் கொட்டியாரக் குடாவில் உங்கள் கயாக்கைக் கண்டு இழுத்துவந்தார்கள். அது கவிழாமல் மிதந்திருக்கிறது. செய்தியை எழுதியது நான்தான். துடுப்பு இருந்தது, குறடு இருந்தது, பெட்டி இருந்தது. வியர்க்கிறது என்று நீங்கள் துறைமுக வாய் வரும்வரை போடாத அந்த உயிர்காப்பு அங்கியும் பின்னால் மடித்துக் கட்டியபடியே இருந்தது. உங்கள் கட்டு ஒன்றுகூட நெகிழவில்லை. கத்தி மட்டும் உறையை விட்டு வெளியே வந்து, தன் கயிற்றில் தண்ணீருக்குள் தொங்கியது. அதையும் எழுதினேன். அப்போது அது எனக்கு ஒரு விவரம், அவ்வளவுதான்.

காணாமல் போனவை இரண்டு. நீங்களும் தடியும். ஊர் அந்த இரண்டையும் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது. தடி விழுந்தது, அதை எடுக்கக் குதித்தார், காற்று கயாக்கைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்று சந்தியில் கதைத்தார்கள். உங்கள் மச்சான் வீட்டுக்குள்ளேயே சொன்னான்: "ஒரு தடிக்காக அத்தான் எங்களை விட்டிட்டுப் போனவர்." குசினி வாசலில் யோகம் நின்றதை அவன் காணவில்லை. நான் கண்டேன். அதன்பிறகு யோகம் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அது உண்மையோ என்று விசாரித்துச் சொல்லுங்கோ. இத்தனை வருடம் மற்றவர்களுடைய சாவுகளை விசாரித்து எழுதியவன், அதற்கு ஒரு வரி பதில் கொடுக்க முடியாமல் மூன்று மாதம் அந்த வீட்டுக் கதிரையில் போய்ப் போய் இருந்தேன்.

நேற்று சார்ஜன்ட் தடியைத் திருப்பியபோதுதான் கயிற்றைப் பார்த்தேன். கொளுக்கி இருந்த பக்கம் இல்லை. கைபிடியிலிருந்து ஒரு சாண் கயிறு மிஞ்சியிருந்தது. அதன் முனை பிசிறில்லாமல் நேராக இருந்தது. வலைக்காரர்கள் வெட்டியிருக்கலாம் என்று சார்ஜன்ட் சொன்னார். வெளியே வந்து வலைச் சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நாங்கள் ஒண்டும் வெட்டேல்லை ஐயா. வந்தபடிதான் குடுத்தனாங்கள்," என்றார்.

ஏதாவதொரு படகின் இயந்திர விசிறி வெட்டியிருக்கலாம். அதையும் ஒதுக்க முடியாது. ஆனால் கத்தி வெளியே தொங்கியது. பெரிய மீனொன்று தடியையும், தடியோடு கயாக்கையும் சரித்து இழுத்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

ஓட்டோவில் திரும்பும்போது இவ்வளவையும் யோகத்திடம் சொன்னேன், தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்து. மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியதும் அவர் கேட்டார்.

"அப்ப, தடியை அவர் விட்டிட்டார்?"

"அப்பிடித்தான் கிடக்கு, தங்கச்சி."

"தடிக்காகப் போகேல்லை."

"இல்லை எண்டுதான் நினைக்கிறன்."

அவர் முகத்தில் ஏதோ இளகியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று மாதத்தில் அவருக்கு நான் கொண்டுவந்த நல்ல செய்தி அதுதான் என்று நினைத்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவர் ஏன் வரேல்லை, அண்ணை?"

ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் கையிலிருந்த கைத்தொலைபேசியைப் பார்த்தேன். அதன் உறையில் நீங்கள் கட்டிவிட்ட பச்சைக் கயிறு இன்னும் கிடக்கிறது. மதிலிலிருந்து நான் அதை இரண்டுமுறை தவறவிட்டதற்காக, என்னையும் ஒரு சாமானாகத்தான் பார்க்கவேணும் என்று சொல்லி என் இடுப்புப் பட்டியோடு முடிந்துவிட்டீர்கள். குனியும்போதெல்லாம் அது இழுக்கும். கழற்ற நினைத்ததுண்டு. இனிக் கழற்றப் போவதில்லை.

தடியையும் கத்தியையும் கயிற்றையும் அரச பகுப்பாய்வுக்கு அனுப்பப் பொலிஸார் நீதவானிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். அறிக்கை தைப்பொங்கலுக்குப் பிறகு வரும் நீதிமன்றத் தவணையில் எதிர்பார்க்கப்படுகிறது. கயிற்றை வெட்டியது எது என்று அதில் இருக்கக்கூடும். யோகம் ஓட்டோவில் கேட்டதற்குத் தவணை குறிக்கப்படவில்லை.