பட்டியலில் இல்லாத என் பெயர்

அன்புள்ள அப்பா,

உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

தம்பி பைலட்டுக்குப் படிக்கட்டுமா, மாமாவின் மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பைலட்டான எனக்கு இங்கே சம்பளம், கடை வருமானத்தைப் போல் ஐந்து மடங்கு. ஆனால், நேற்று ஆட்குறைப்புப் பட்டியல் ஒட்டினார்கள். அதில் பெயர் இருந்த கேப்டன், மேலாளரின் தலையைச் சுவரில் மோதி மோதி உடைத்தார். விலக்கப் போனேன். "நேத்து வந்த நீ இருப்பே, இருபது வருஷம் ஓட்டின நான் போகணுமாடா?" என்று மேஜையில் இருந்த காபிக் கோப்பையை எடுத்து என் முகத்தில் அடித்தார். சின்னக் காயந்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

என் பழைய கறுப்புக் கண்ணாடியை அனுப்புங்கள். அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனை. பார்வை தேறாவிட்டால் விமானம் ஓட்டும் உரிமம் போய்விடும்.

கட்டு மாற்ற நர்ஸ் கூப்பிடுகிறார். மாமாவிடம் கேட்டு உடனே எழுதுங்கள்: மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்ற ஒரு கண் போதுமா?

உங்கள் மூத்தவன்