எரியாத பல்பு

மச்சான்,

இன்று தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மோட்டார் ஒன்று கருகிவிட்டது. அரக்கும் துணியும் சேர்ந்து எரிகிற நாற்றத்துக்கு எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். நான் மட்டும் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் சட்டையில்கூட அந்த வாசம் தங்கவில்லை.

நமக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த மழைக்காலம். ஸ்டோரில் வேலை பார்க்கிறவனுக்குத்தான் பெண் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். நீங்களோ, கூரை ஒழுகி நனைந்த மோட்டாரை அடுப்போரம் காயவைத்து, மேலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓட்டினீர்கள். ஹாலிஎல திருவிழாவில் என்னைப் பார்க்கிற அவசரம். கம்பியைச் சுற்றிய நூலுக்குள் ஈரம் அப்படியே இருந்தது. படீரென்று ஒரு சத்தம், பிறகு புகை.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கோபத்திலும் மெதுவாகத்தான் பேசுவார். “நீர்தானே கெடுத்தனீர், நீரே கம்பி சுத்திக் கட்டும். ஓடாட்டி மண்வெட்டியோட மலை வேலைக்குப் போம்.”

கம்பி பிடிக்க ஆள் வேண்டும் என்று சல்லடைப் பக்கம் வந்து, இத்தனை பெண்களில் என்னைக் கூப்பிட்டீர்கள். கருகியதை உருவிப் புதுக் கம்பி சுற்றினோம், துணி நாடா கட்டினோம், அரக்கு பூசினோம்.

“இம்புட்டுத் துணியா? எனக்கு ஒரு சேல எடுத்திருக்கலாமே மச்சான்.”

“பேசாம புடி. ஒரு எடத்துல துணி விட்டுப்போனாலும் கரண்டு இரும்புக்குப் பாஞ்சிரும்.”

“எங்கப்பா உங்க மேல பாயிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

நீங்கள் சிரிக்கவில்லை. கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்கிச் சுற்றினீர்கள். நானும் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

இந்த முறை பொறுமையாகக் காயவைத்தீர்கள். பிறகு கம்பிக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவே ஒரு பல்பைக் கோத்தீர்கள். கரண்டு கசிந்தால் பல்பு எரியும். எரிந்தால் நீங்கள் மலைக்கு, நான் வேறொருத்தன் வீட்டுக்கு. பல்பு எரியக் கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவள் இந்த ஊவா மாகாணத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சுவிட்சைப் போட்டீர்கள். எரியவில்லை.

“பல்பு நல்ல பல்புதானே மச்சான்?” என்றேன்.

முகம் வெளுத்துப்போய் அதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிப் பார்த்தீர்கள். பளிச்சென்று எரிந்தது. அப்புறம்தான் சிரித்தீர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அந்தச் சிரிப்பைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது போதும் என்று ஊரில் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். உங்களிடம் எதற்குப் பொய்? போதவில்லை, மச்சான்.