சங்கு ஊதிய பிறகு இறங்கிய விமானம்

அன்பு மகன் எக்கெரோமாவுக்கு அம்மா வலாசி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சித்தப்பா இயோபுவும் கர்த்தரின் கிருபையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் மூச்சு என்றே எழுதுகிறேன். நீ ஆக்லாந்தில் அந்த இறைச்சித் தொழிற்சாலைக் குளிரில் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமைப் படகில் வந்தது. "ஃபலானிகோ கையை முறிச்சிட்டுத்தாம்மா உன் கையால சாப்பிடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது, புத்தி இல்லை. தபால் ஆபீஸ் போனில் இயோபு கத்தியதை வைத்துக்கொண்டு நீயாக ஒரு தீர்ப்பு எழுதிவிட்டாய். அவன் போன் பேசினால் பாதி கெட்ட வார்த்தை, மீதி இருமல் என்று உனக்குத் தெரியாதா. நடந்ததை நான் சொல்கிறேன், கடைசி வரி வரைக்கும் படி, அதுவரை ஊருக்கு வருகிற டிக்கெட்டைத் தொடாதே.

நம் நாட்டு விமானக் கம்பெனி முதன்முதலாக நம் ஊருக்கு வந்த நாளில் நீ தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாய். போதகர் ஜெபம் பண்ணிய நீளத்தில் விமானி நின்றபடியே தூங்கிப்போனான். பன்றிகளை அடுப்புக் குழியில் வேகவைத்து ஊரே தின்றது. உன் அப்பாவுக்குக் கம்பெனியின் ஊர் ஏஜென்ட் வேலை, வெள்ளைச் சட்டை, தொப்பி, ஒரு கொடி, அதோடு கொப்பரை நிறுக்கிற தராசு. ஆட்களை அதில் ஏற்றி நிறுத்துத்தான் பிளேனில் ஏற்ற வேண்டும். பெரிய தலைவர் தாஃபுவா மட்டும் ஏற மாட்டேன் என்றுவிட்டார், "என் கனம் என்னன்னு தெரிஞ்சிக்கிற தகுதி உன் தராசுக்கு இல்ல பெசமினோ" என்றார், அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு, சரி ஐயா, ரெண்டு ஆளுன்னு வெச்சிக்கிறேன் என்றார், ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு இரண்டாவது பிளேன் வந்தது, அப்புறம் வாலில் பறவை வரைந்த பெரிய ஜெட் வந்தது, அதில்தான் நீ நியூசிலாந்துக்குப் போனாய். அன்றைக்கு உன் அப்பா தலைநகரத்தில் எல்லோரிடமும் இது நம்ம ஜெட், நம்ம ஜெட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார், மகன் போகிற துக்கத்தைவிட அந்தப் பெருமைதான் பெரிதாக இருந்தது, எனக்கு எரிச்சலாக வந்தது. அது வாடகை ஜெட் என்பது வெளிநாட்டுக்காரன் வந்து ஓட்டிக்கொண்டு போன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் எல்லாம் தலைநகரம் ஆப்பியாவில் கம்பெனி ஆபீஸை உடைத்தார்கள். கண்ணாடிச் சில்லு குத்தி ஒருவனுக்கு வயிறு கிழிந்தது, டிக்கெட் எழுதுகிற பெண்ணை, பாவம், அவள் என்ன செய்வாள், தலைமயிரைப் பிடித்துத் தெருவரைக்கும் இழுத்துப்போட்டு மிதித்தார்கள். பொறுப்பான மேனேஜர் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அதுக்கப்புறம் சின்னப் பிளேன் இரண்டில் ஒன்றைப் பிரித்து மற்றதற்குச் சாமான் எடுத்தார்கள். கடைசியில் நாடு முழுவதுக்கும் மிஞ்சியது ஒரே ஒரு பிளேன்.

அந்த ஒன்றை வைத்து எப்படியாவது பிழைத்துவிடலாம் என்று கம்பெனியில் புதிதாக வந்தவன் ஒருவன் இருட்டுவதற்கு முன் இன்னொரு நடை என்று போட்டான். அது நம் ஊரில் இறங்குகிற நேரம் சரியாக மாலைப் பிரார்த்தனைக்கு முன்னால். கொஞ்சம் தாமதமானால் பிரார்த்தனைக்கு நடுவில். உன் அப்பா ஆப்பியாவுக்குப் போய் நேரிலேயே சொன்னார், சங்கு ஊதின பிறகு எங்க ஊர்ல நாய்கூட ரோட்டைத் தாண்டாது, வேற நேரம் போடுங்க என்று. "பிளேனுக்கு ஏதுய்யா ஜெபம், உங்க பசங்களைக் கொஞ்சம் கண்ணை மூடிக்கச் சொல்லு" என்று அவன் சிரித்தானாம். அப்பா வந்து ஊர்ச் சபையில் சொன்னார். சபை விட்டுக்கொடுக்கவில்லை. பிரார்த்தனை வேளையில் போன பஸ்ஸின் கண்ணாடியை நம் பையன்கள் நொறுக்கியபோது அந்த பஸ்காரனிடம் என்ன சொன்னோம், கவர்னர் வந்தாலும் கல்தான் என்று சொன்னோம். இப்போது கம்பெனிக்காரனுக்கு மட்டும் வேறு சட்டமா என்று தாஃபுவா கேட்டார். ஊருக்குச் சங்கு ஊதுகிறவரே அப்பாதான், அவர் எப்படி மறுப்பார்.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சொன்ன நேரத்துக்குப் பிளேன் வரவில்லை. அப்பா சங்கைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு நின்றார், சூரியன் இறங்கிவிட்டது, ஊர் முழுக்க விளக்கை ஏற்றிவிட்டுச் சங்குக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தாஃபுவா ஆள் அனுப்பினார், "ஆண்டவரோட நேரத்தைக் கையில பிடிச்சிக்கிட்டு யாருக்குக் காத்துக்கிட்டு இருக்கே பெசமினோ, சம்பளம் தர்றவனுக்கா" என்று. அப்பாவுக்குச் சுருக்கென்றது. ஊதினார். ஊதிய மூச்சு அடங்கவில்லை, கடல் பக்கத்திலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. புல் ஓடுதளத்தின் ஓரத்தில் பிரார்த்தனைக் காவலுக்கு நின்ற பையன்களுக்கு ஃபலானிகோதான் தலைவன், உன்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து பைபிள் படித்தவன். சின்னவன் ஒருவன், அண்ணே இதையுமா என்று கேட்டானாம். "பஸ்ஸ அடிச்ச கை பிளேன விட்டா நாளைக்கு நம்ம மூஞ்சில எவன் முழிப்பான்" என்று இவன் சொல்லியிருக்கிறான். எறிந்தார்கள். ஒரு கல் விமானியின் முன்கண்ணாடியைப் பிளந்துகொண்டு போனது. பிளேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு இறக்கையைத் தரையில் தேய்த்துக்கொண்டு, நம் கறிப்பலா மரங்களுக்குள் போய் மோதியது. அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த ஜெபப் புத்தகம் விழுந்துவிட்டது. உள்ளே ஆறு பேர் அலறுகிறார்கள். உன் அப்பா கொடியை வீசிக்கொண்டு, நிறுத்துங்கடா நிறுத்துங்கடா என்று அரையிருட்டில் ஓடுதளத்தின் நடுவில் ஓடினார். பிரார்த்தனை வேளையில் ஓடுகிறவன் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஃபலானிகோவின் இரண்டாவது கல் அவருடைய இடது கண்ணில் பட்டது. வலது கண்ணில் எப்போதோ பூ விழுந்துவிட்டது என்பது உனக்குத் தெரியும். இருந்தது அந்த ஒரு கண்தான்.

கல் எறிந்த அதே பையன்கள்தான் வெட்டுக்கத்தியோடு ஓடிப்போய் இருக்கைப் பட்டையை அறுத்து ஆட்களை வெளியே இழுத்தார்கள், பெட்ரோல் நாற்றத்துக்கு நடுவில். ஒருத்திக்கு இடுப்பெலும்பு போனது, விமானிக்கு விலா எலும்பு மூன்று, தாடை நொறுங்கிவிட்டது, ஆனால் ஒருவரும் சாகவில்லை. கீழே கிடப்பது உன் அப்பா என்று தெரிந்ததும் ஃபலானிகோ அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினான். நான் பின்னாலேயே ஓடினேன், ரத்தம் அவன் முதுகில் வழிந்து கால் வரைக்கும் போனது. ஆஸ்பத்திரி வாசலில் யார் என்ன கேட்டாலும், நான்தான் எறிஞ்சேன், நான்தான் எறிஞ்சேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. மறைக்க மாட்டேன், கையில் பலமிருந்தால் செய்திருப்பேன்.

இயோபு செய்தான். ஃபலானிகோ வீட்டு வாழைத் தோட்டத்தை ஒரு மரம் விடாமல் வெட்டிச் சாய்த்தான், குட்டி போட்ட பன்றியைக் குட்டிகளோடு கொன்றான், படகுக்குத் தீ வைத்தான், தடுக்க வந்த ஃபலானிகோவின் மாமன் காதைத் துடுப்பால் அடித்துப் பிய்த்தான். அவர்கள் பக்கமும் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இதுவரைக்கும்தான் அவன் உனக்குப் போனில் சொன்னான், அதற்குள் காசு தீர்ந்துவிட்டது. மிச்சத்தை இப்போது கேள். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் விடியும்போது கதவு மறைப்பைத் தூக்கினால் வாசலில் அவர்கள் குடும்பத்து நல்ல பாய், திருமணத்துக்கும் சாவுக்கும் மட்டும் எடுக்கிற பாய், அதை மூடிக்கொண்டு ஒரு ஆள் மண்டியிட்டிருக்கிறான். பின்னால் அவன் சொந்தக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் விறகும் அடுப்புக் கல்லும், எங்களைச் சுட்டுத் தின்னாலும் சம்மதம் என்று. 

இயோபு துடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். நான் தடுக்கவில்லை. பாய் மேல் ஓங்கி அடித்தான், உள்ளே எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி அடித்தான். பாயில் சிவப்பு ஊறியது. உள்ளே இருந்தவன் அசையவில்லை. அவன் அம்மா சுலு, உனக்கு எத்தனை தடவை சோறு போட்டவள், அவள் ஊர்ந்து வந்து பாயின் மேலேயே படுத்துக்கொண்டாள், "பெத்தது நான்தானே வலாசி, மூணாவது அடிய எனக்குக் குடுக்கச் சொல்லு" என்றாள். இயோபு துடுப்பை ஓங்கியபடியே என்னைப் பார்க்கிறான், நான் தலையசைத்தால் போதும். அப்போது உன் அப்பா உள்ளேயிருந்து, அது என்னடா சத்தம் என்று கேட்டார். நான் சொன்னேன். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படியில் தடுக்கி விழுந்து, கட்டுப் போட்ட தலையோடு தவழ்ந்தே வந்தார். "துடுப்பைக் கீழ போடு இயோபு. ஊர் சொல்லிக் குடுத்துச்சு, நான் ஊதினேன், பையன் எறிஞ்சான். இதுல யாரை அடிச்சு முடிப்பே" என்றார். சுலுவை மெதுவாக நகர்த்தினார், பாயின் ஓரத்தைக் கையால் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கினார். ஃபலானிகோவின் வலது தோள் கீழே இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார், பிறகு என்னிடம், இவனுக்குக் கொஞ்சம் கோகோ காய்ச்சிக் குடு என்றார். காய்ச்சினேன். அழுதுகொண்டே காய்ச்சினேன்.

பாயைத் தூக்கினால் மன்னித்தாயிற்று, அதன் பிறகு கை ஓங்குகிறவன் பாயைத் தூக்கியவன் மேலேதான் ஓங்குகிறான் என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். கம்பெனியிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை மகனே. மண்டியிட வேண்டாம், வந்து வாசலில் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று ரேடியோவில் கேட்டோம், தேசிய கீதம் போட்டுவிட்டுச் சொன்னார்கள். பிளேன் இன்னும் கறிப்பலா மரத்தடியில்தான் கிடக்கிறது, அதற்குள் கோழி முட்டையிடுகிறது. தொப்பியை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. சங்கையும் விடவில்லை, ஆனால் சபையில் எழுந்து, ஆகாயத்துல சத்தம் கேட்டா நான் ஊத மாட்டேன், பூ விழுந்த இந்த இன்னொரு கண்ணையும் வேணும்னா எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டார். தாஃபுவாவே தலையைக் குனிந்துகொண்டார். இனி வருவதற்கு ஒரு பிளேனும் இல்லை என்பது வேறு விஷயம்.

நீ வா. வர வேண்டாம் என்று பெற்றவள் சொல்வேனா. படகுத்துறையில் உன்னைக் கூப்பிட அப்பா வருவார். அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு நிற்பவன் ஃபலானிகோ. தினமும் விடியும்போது வந்துவிடுகிறான், குளிக்க வைக்கிறான், தோட்டத்துக்கும் கோயிலுக்கும் கூட்டிப்போகிறான், வலது தோள் சரியாகவில்லை, அதனால் இடது கையைத்தான் கொடுக்கிறான். அந்தக் கையை நீ முறித்தால் உன் அப்பா நின்ற இடத்திலேயே விழுவார். முடிவு செய்துகொண்டு படகேறு.

வரும்போது அப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்று கொண்டு வா, மறக்காதே, சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பயப்படுகிறார்கள். கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள். கர்த்தர் உன் கோபத்தையும் உன் கைகளையும் காப்பாராக.

உன் அம்மா,
வலாசி

கீழே கோணலாக இருப்பது அப்பாவின் கையெழுத்து. இந்த அளவுக்காவது வரிக்குள் நிற்பதற்கு, பேனா பிடித்த கையை யார் பிடித்துக்கொண்டிருந்தது என்று உனக்கே தெரியும்.

பெசமினோ