திறக்காத மூக்கு மருந்து

மே 6, செவ்வாய்

நல்ல வெயில். காற்றும். பக்கத்து வீட்டு பேர்ச் மரம் முழுக்கப் பூ குஞ்சம் குஞ்சமாய்த் தொங்குகிறது. கார்க் கண்ணாடியில் அதன் மஞ்சள் தூள்.

தோய்த்தது: மகள் ஆதிராவின் பெட்சீற், போர்வை, தலையணை உறை 2. எல்லாம் வீட்டுப் பின்பக்க டெக்கில் கொடி கட்டிக் காயப்போட்டேன். தலையணையையும் வெயிலில் வைத்தேன். ட்ரையர் இருக்க ஏன் இந்தப் பாடு என்று இவர் கேட்கிறார். வெயில் பட்டால்தான் எனக்குத் துணி சுத்தமான மாதிரி.

ஆ. இரவு மூன்று தரம் எழும்பினாள். தும்மல், மூக்கடைப்பு, வாயால் மூச்சு. ஏழு வயது. போன வருடம் இப்படி இல்லை.

டொக்டர் தந்த மூக்கு ஸ்ப்ரே குளியலறை அலுமாரியில், இரண்டு கிழமையாக. பெட்டியே உடைக்கவில்லை. உள்ளே என்ன என்று போனில் தேடினேன். ஸ்டீரோயிட். தேடியிருக்கக் கூடாது.

மே 8, வியாழன்

மூலை வீட்டு சுமதி அன்ரி நடக்கப் போகும்போது மதிலில் கை வைத்து நின்றா. வாய் சும்மா இருக்கவில்லை, ஸ்ப்ரே விசயத்தைச் சொல்லிவிட்டேன்.

"ஸ்டீரோயிட்டோ? வேண்டாம் பிள்ளை. என்ர தங்கச்சியின்ர மகளுக்குக் குடுத்து முகம் பூசணிக்காய் மாதிரி ஊதினது."

"அது விழுங்கிற குளிசை அன்ரி. இது மூக்குக்கு."

"மூக்கென்ன, முகத்திலதானே இருக்கு?"

சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பூசணிக்காய் நாள் முழுக்க மனதை விட்டுப் போகவில்லை.

பின்னேரம் பிக்கரிங் நகரத்து வேலையிடத்திலிருந்து இவர் போன், இடைவேளை நேரம்.

"ஸ்ப்ரே அடிச்சனீரே?"

"ஓம்."

எவ்வளவு லேசாக வருகிறது இந்த ஓம். தினமும் ஒன்று.

மே 11, ஞாயிறு

என் வைத்தியம்:
– உப்புத் தண்ணீரால் மூக்குக் கழுவுவது (அழுகை)
– மல்லித் தண்ணீர் (பாதிச் சிந்தல்)
– ஜன்னல் எல்லாம் திறப்பு, நல்ல காற்று வரட்டும் என்று
– படுக்கை விரிப்பு தினமும் தோய்த்து வெயிலில்

என் கைத் தோல் உரிகிறது. அவளுக்குக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. கண் இரண்டும் கசக்கிக் கசக்கித் தக்காளி. யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். மகரந்தச் சேர்க்கைப் படம் எத்தனை தரம் கீறியிருப்பேன். சொந்தப் பிள்ளையின் மூக்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பால் முடிந்துவிட்டது. நாளைக்கு வாங்க.

மே 13, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. கண் சிவந்திருக்கிறதாம், தொற்றோ தெரியாது, கூட்டிக்கொண்டு போகட்டாம். வேலையில் பாதி நாள் லீவு. ஆ. காரில்: "ஐ'ம் நொட் சிக், அம்மா. ஜஸ்ட் இச்சி." கண்ணைக் கசக்கிக்கொண்டு அப்படியே நித்திரை. மூச்சில் ஒரு கீச் சத்தம். கேட்டதா, நானாக நினைத்ததா? சிவப்பு விளக்கில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

மே 15, வியாழன்

டொக்டரிடம். இவரும் வந்தார்.

"மூண்டு கிழமையா ஒவ்வொரு நாளும் ஸ்ப்ரே அடிச்சனீங்களோ?"

"ஓம் டொக்டர்."

"அப்ப மருந்துக்குக் கேட்டிருக்க வேணும். கேக்கேல்லை எண்டால் இது மூக்கோட நிக்கேல்லை, நெஞ்சுக்கு இறங்கியிருக்கலாம். வாயால இழுக்கிற பஃபர் ஒண்டு எழுதிறன். ஸ்பெஷலிஸ்டிட்டையும் அனுப்புவம்."

"பஃபருக்குள்ள என்ன இருக்கு டொக்டர்?"

"அதுவும் ஸ்டீரோயிட்தான். நெஞ்சுக்குப் போறது."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கைப்பையின் ஸிப்பைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

"பட் அம்மா," என்றாள் ஆ., "நாங்கள் அந்த ஸ்ப்ரேயை ஓபன் பண்ணவே இல்லையே."

டொக்டர் பேனையை வைத்தார். இவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்தார்.

"பயந்தனீங்களோ?" என்றார் டொக்டர்.

தலையாட்டினேன்.

"பயந்தா என்னட்டைச் சொல்லுங்கோ தங்கச்சி. நீங்கள் ஓம் எண்டதை நம்பித்தானே நான் அடுத்த மருந்துக்குப் போறன்." பிறகு நெஞ்சில் குழாய் வைத்து நிதானமாகக் கேட்டார். இப்போதைக்குத் தெளிவாம். பஃபர் எழுதிய தாளைக் கிழித்தார். வீட்டில் என்ன செய்கிறோம் என்று கேட்டார். விரிப்பு வெயிலில் காயப்போடுவதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"வெளியிலயோ? மே மாசத்திலயோ? அந்த மரம் முழுக்கக் கொண்டுவந்து பிள்ளையின்ர தலைக்குக் கீழ வைக்கிறியள்."

அந்த மஞ்சள் மகரந்தத் தூள். தினமும். என் கையால்.

அவர் சொன்னவை, மறக்காமல்:
– ஸ்ப்ரே தினமும் காலை, சுகமானாலும் நிறுத்தக் கூடாது. முழுப்பலன் தெரிய இரண்டு கிழமையாகலாம்
– ஸ்ப்ரே முனை மூக்கின் நடுச்சுவருக்கு அல்ல, வெளிப்பக்கம் பார்க்க
– ஜன்னல் பூட்டு. துணி ட்ரையரில்
– வெளியில் விளையாடி வந்தால் உடுப்பு மாற்று, தலைமுழுக்கு
– மூச்சு இழுத்தால், கீச்சென்றால் காத்திராமல் உடனே காட்டு
– அடுத்த வருடம் மரம் பூக்க முதலே ஸ்ப்ரே தொடங்கு

மே 16, வெள்ளி

கொடியைக் கழற்றினேன். மழை.

இவர் கத்தியிருந்தால் நல்லது. தேத்தண்ணீர் குடிக்கும்போது மட்டும்: "நான் ஒவ்வொரு நாளும் கேட்டனான்."

"பயமா இருந்ததப்பா."

"அதை என்னட்டைச் சொல்லேலாதோ?"

குளியலறைக்குப் போய்ப் பெட்டியை உடைத்தேன்.

ஸ்ப்ரே முதல் நாள். நான் முனையைத் திருப்பித் திருப்பிச் சரிபார்க்க ஆ. சிரித்தாள். "இட் ஸ்மெல்ஸ் லைக் ரோசாப்பூ, அம்மா."

மே 21, புதன்

ஒரு தரம்தான் எழும்பினாள். முகம் ஊதவில்லை. காலையில் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், அவளுக்கு எரிச்சல்.

இவர் இப்போது என்னிடம் கேட்பதில்லை. இடைவேளைக்கு எடுத்து, "பிள்ளையிட்டைக் குடும்," என்கிறார். ஸ்பீக்கரில் கேட்கிறது: "அம்மா மருந்து அடிச்சவவோ?" "யெஸ் அப்பா." அவ்வளவுதான், வைத்துவிடுகிறார். நான் சட்டி கழுவுகிறேன்.

மே 27, செவ்வாய்

இரண்டு இரவு முழு நித்திரை. இன்று காலை ஒரே அமளி. பள்ளி பஸ், மதியச் சாப்பாட்டுப் பெட்டி, என் எட்டு மணி மீற்றிங். ஸ்ப்ரே சுத்தமாக மறந்துபோனது. அதைக்கூடப் பின்னேரம் இவர் போன் அடிக்கும்போதுதான் உணர்ந்தேன்.

"அம்மா மருந்து அடிச்சவவோ?"

ஆ. என்னைப் பார்த்தாள். கண் இமைக்காமல், "ஓம், அடிச்சவா," என்றாள். தமிழில். என் ஓம் மாதிரியே, லேசாக.

போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"இல்லையப்பா. இண்டைக்கு மறந்துபோனன். போனை வையாதேங்கோ, இப்ப அடிக்கிறன்."