என் கட்டுரையை நானே நிராகரித்தது தொடர்பாக

அனுப்புநர்
கட்டுரையாளர் எண் 417
(மதிப்பீட்டாளர் எண் 1163-உம் நானே),
தற்காலிக விரிவுரையாளர், புவியியல் துறை,
மகளிர் கல்லூரி.

பெறுநர்
பதிவாளர் அவர்கள்,
சுற்றுலாப் புவியியல் காலாண்டு ஆய்விதழை வெளியிடும் பல்கலைக்கழகம்.

பொருள்: ஆய்விதழில் செய்யப்பட்ட மாற்றங்களால் என் கட்டுரை என்னிடமே மதிப்பீட்டுக்கு வந்தது – நான் உண்மையை எழுதியது – கட்டுரை நிராகரிக்கப்பட்டது – மேல்முறையீடும் என்னிடமே வந்திருப்பது – வழிகாட்ட வேண்டுதல்.

பார்வை: 1. 'மாற்றங்களும் எதிர்காலத் திட்டங்களும்' அறிவிப்பு, சென்ற இதழின் முதல் பக்கம்.
2. எனக்கு வந்த நிராகரிப்புக் கடிதம்.
3. எனக்கு வந்த பாராட்டுக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பரிசீலனையில் உள்ள கட்டுரையைப் பற்றி எழுதுவோர் பெயரைக் குறிப்பிடக் கூடாது என்று அறிவிப்பின் நான்காம் விதி சொல்வதால் எண்களை மட்டும் தந்திருக்கிறேன். இரண்டு எண்களையும் ஒரே கடிதத்தில் தரலாமா என்பது விதியில் இல்லை. தவறென்றால் பொறுத்தருள வேண்டும். எது சரி, எது தவறு என்று கடந்த மூன்று வாரமாக எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

1. நான் ஏழு ஆண்டுகளாகத் தற்காலிக விரிவுரையாளராகப் பணிபுரிகிறேன். இம்மாதம் 31-ஆம் தேதிக்குள் தங்கள் ஆய்விதழில் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டதற்கான கடிதத்தைக் கொடுத்தால் பணி நிரந்தரம். தவறினால் என் இடத்துக்கு வேறொருவர் வருவார். கல்லூரி முதல்வர் இதை எழுத்துமூலமாகவே தந்துவிட்டார்.

2. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து அருவிக்கு இரண்டு வழிகள் உண்டு. படிக்கட்டு வழி எண்ணூறு மீட்டர். கடைத்தெரு வழி அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வழிகாட்டிப் பலகையில் இரண்டும் தெளிவாக எழுதியிருந்தும், மூன்று பேரில் இரண்டு பேர் சுற்றுவழியில்தான் போகிறார்கள். ஏன் என்பதே என் ஆய்வு. முன்னால் போகிறவர் எங்கே திரும்புகிறாரோ அங்கேயே பின்னால் வருபவரும் திரும்புகிறார் என்பது நான் கண்ட முடிவு. வகுப்பு நேரத்தில் நான் அங்கே உட்கார முடியாததால், என் நாத்தனார் ஆறு நாள் நிலைய வாசல் பெஞ்சில் அமர்ந்து, நோட்டில் நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டுப் போட்டு எண்ணித் தந்தார்.

3. கட்டுரையை அனுப்பிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முன்பிருந்த இதழாசிரியர் ஓய்வுபெறும் வரை அது அவருடைய அலமாரியில் இருந்ததாக அறிகிறேன். அதன்பின் மாற்றங்கள் வந்தன. அச்சு இதழ் நின்றது, எல்லாம் இணையதளத்துக்குப் போயிற்று. விரைவு கருதி, ஒரு கட்டுரைக்கு இரண்டு மதிப்பீட்டாளர் என்பது ஒருவர் என்றாகியது. கட்டுரை அனுப்பிய அனைவரும் மதிப்பீட்டாளராகவும் தானாகவே பதிவு செய்யப்பட்டோம். எந்தக் கட்டுரை யாருக்குப் போக வேண்டும் என்பதை, பெயர்களை மறைத்துவிட்டு, ஆய்வுப் பொருளை ஒப்பிட்டுக் கணினியே தீர்மானிக்கும் என்றார்கள். திட்டம் நல்ல திட்டம்தான் ஐயா. பேருந்து நிலைய வாசலில் சுற்றுலாப் பயணி எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று உலகத்தில் வேறு யாரும் ஆராயவில்லை போலும். சென்ற மாதம் 26-ஆம் தேதி என் கட்டுரை மதிப்பீட்டுக்காக எனக்கே வந்து சேர்ந்தது.

4. உடனே ஆய்விதழ் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அங்கிருந்த உதவியாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: "மேடம், எழுதினவங்க யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா அது விதிமீறல். தெரியாத மாதிரியே பண்ணிடுங்களேன்." மறுத்துவிடலாம் என்று பார்த்தால், மதிப்பீட்டை மறுப்பவரின் சொந்தக் கட்டுரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படும் என்கிறது ஏழாம் விதி. ஏற்றாலும் சிக்கல், மறுத்தாலும் சிக்கல்.

5. படிவத்தில், கட்டுரையாளருக்கும் தங்களுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருந்தது. சக ஊழியர், மாணவர், உறவினர், பிற என நான்கு விடைகள். நான் எனக்குச் சக ஊழியர் இல்லை, மாணவியும் இல்லை, உறவினர் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. 'பிற' என்று குறித்தேன். 'பிற தொடர்புகள் அனுமதிக்கப்பட்டவை' என்று பச்சை எழுத்தில் வந்தது.

6. இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் நாள், புதன்கிழமை, என் நாத்தனாருக்குப் பல்வலி. மதியம் இரண்டு மணிக்குப் பல் மருத்துவரிடம் போய்விட்டார். அன்று பிற்பகலுக்கு எண்ணிக்கையே இல்லை. மற்ற ஐந்து பிற்பகல்களின் சராசரியை எடுத்து அந்தக் கட்டத்தில் நான் நிரப்பினேன். படிக்கட்டு 96, கடைத்தெரு 203. அதைக் கட்டுரையில் எங்கும் குறிப்பிடவில்லை. ஒரு கட்டம்தானே என்று நினைத்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

7. படிவத்தின் ஒன்பதாம் கேள்வி: 'தரவுகள் நம்பத்தக்கவையா?' அந்தக் கேள்வியின் முன் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மாணவிகள் இப்படிச் செய்தால் சிவப்பு மையால் கோடு போடுகிற கை இது. கடைசியில், "மூன்றாம் நாள் பிற்பகல் எண்கள் மற்ற நாட்களின் சராசரியோடு அச்சாகப் பொருந்துகின்றன, கட்டுரையாளர் விளக்க வேண்டும்" என்று எழுதி, 'சிறு திருத்தம் தேவை' என்று பரிந்துரைத்தேன். கேள்வி என்னிடம் வரும், திருத்திக்கொள்ளலாம், மனசாட்சியும் தெளியும் என்பது என் கணக்கு. தரவில் ஐயம் என்று ஒரு வரி இருந்தாலே கட்டுரை தானாக நிராகரிக்கப்படும் என்ற பதினொன்றாம் விதியை நான் கவனிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

8. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது, கட்டுரை நிராகரிக்கப்பட்டது என்று 417-க்கு. இரண்டாவது, நுட்பமான வாசிப்புக்காக இந்தக் காலாண்டின் சிறந்த மதிப்பீட்டாளராகத் தேர்வு பெற்றீர்கள் என்று 1163-க்கு. பாராட்டுக் கடிதத்தைக் கல்லூரி முதல்வரிடம் காட்டினேன். மகிழ்ந்தார். பணி நிரந்தரத்துக்கு அது கணக்கில் வராது என்றும் சொன்னார். என் கணவர் இரண்டு கடிதத்தையும் படித்துவிட்டு, "எல்லாரும் அடுத்தவங்க வயித்துல அடிப்பாங்க, நீ உன் வயித்துலயே அடிச்சுக்கிட்டியே" என்றார். நாத்தனார் சாப்பிடவே உட்காரவில்லை. "எனக்குப் பல் வலிச்சதுக்கா அண்ணி உங்க வேலை போகுது?" என்று கேட்டு அழுதார். அவர் மீது எள்ளளவும் குற்றமில்லை என்பதை இம்மனுவில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

9. மேல்முறையீடு செய்தேன். மேல்முறையீட்டை, முதலில் மதிப்பிட்டவரே பரிசீலிப்பார் என்பது விதியாம். ஆகவே அதுவும் எனக்கே வந்திருக்கிறது. 'தங்கள் கருத்தில் உறுதியாக இருக்கிறீர்களா?' என்று கேட்டு, கீழே ஆம், இல்லை என இரண்டு பொத்தான்கள். ஆம் என்றால் என் வேலை போகிறது. இல்லை என்றால் என் வார்த்தை போகிறது. எட்டு நாளாகத் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறேன்.

10. இதற்கிடையே சென்ற புதன்கிழமை விடுப்பெடுத்து, நாத்தனாரோடு அதே பெஞ்சில் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை அமர்ந்து எண்ணினேன். படிக்கட்டு 184, கடைத்தெரு 121. தலைகீழ். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நாத்தனார்தான் கையை நீட்டிக் காட்டினார். புதன்கிழமை பிற்பகல் கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்கு விடுமுறை. பதினோரு ஆண்டாக அந்தத் தெருவில்தான் காய்கறி வாங்குகிறேன். புதன் மாலை வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு. ஆனாலும் கட்டத்தை நிரப்பும்போது அது தோன்றவில்லை. மக்கள் முன்னால் போகிறவரைப் பார்த்துத் திரும்பவில்லையோ, கடையைப் பார்த்துத்தான் திரும்புகிறார்களோ? ஒரு புதன்கிழமையை வைத்து எதுவும் சொல்லவும் முடியாது. என் முடிவு சரியா தவறா என்று எனக்கே தெரியவில்லை.

11. ஐயா, கட்டுரை எழுதியபோதும் எனக்கு இது தெரியவில்லை. அதையே மதிப்பிட்டு, சிறந்த மதிப்பீட்டாளர் என்று பெயர் வாங்கியபோதும் தெரியவில்லை. எழுதிய கண்ணே படித்தால் எப்படித் தெரியும்? வேறு யாராவது படித்திருந்தால், "புதன்கிழமை கடை உண்டா?" என்று ஒரு வரியில் கேட்டிருப்பார்.

ஆகவே, என் கட்டுரையை ஏற்கும்படி நான் கேட்கவில்லை. நான் எழுதிய மதிப்பீடு உண்மை. அதைத் திரும்பப் பெறவும் விரும்பவில்லை. இந்த மனு தங்கள் கைக்கு வரும் நாளில் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தியிருப்பேன். 31-ஆம் தேதிக்குப் பிறகு நான் இந்தக் கல்லூரியில் இருக்கமாட்டேன் என்பதும் தெரியும். புதிய எண்ணிக்கைத் தாள் நான்கு பக்கங்களும், திருத்திய கட்டுரையும் இத்துடன் இணைத்துள்ளேன். பதினான்கு மாதங்களில் அதை என்னைத் தவிர ஒருவரும் படிக்கவில்லை. வேலைக்காக இல்லாவிட்டாலும், அந்த ஆறு பிற்பகல்களுக்காகவேனும், வேறு ஒரே ஒருவர் அதை ஒருமுறை படித்துப் பார்க்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: ஆசிரியர் அறை, மகளிர் கல்லூரி
நாள்: மார்ச் 19

இப்படிக்கு,

(ஒப்பம்) கட்டுரையாளர் எண் 417

மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று சான்றளிக்கிறேன்.

(ஒப்பம்) மதிப்பீட்டாளர் எண் 1163