தூங்கிய இணைப்புக்கு உன்மேல் பழி

என் அன்புத் தேனு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதத்தையே கோபத்தில் எழுதும்படி ஆகிவிட்டது. பொறுத்துக்கொள். வருஷத் திதி கொடுத்துவிட்டு உன் அண்ணன் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தபோது, தேவிகாபுரம் பஸ்ஸில் இறங்கி ராஜவேலு அண்ணன் வந்தார். உன் ஜக்கார்டு பெட்டியை முதன்முதலில் தன் தறியில் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தவரை நீ மறந்திருக்க மாட்டாய். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். உட்காரவே இல்லை. கட்டைப்பையிலிருந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து விரித்தார்.

அழகான மாங்காய் புட்டா. ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால், ஒரு மாங்காயின் நடுவில் குறுக்கே ஒரு கோடு. அந்த இடத்தில் மட்டும் டிசைன் இல்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு மாங்காயிலும் அதே கோடு.

"மொதலாளி திருப்பிட்டாரும்மா. பெட்டி கம்பெனிக்குப் போன் போட்டேன். அவங்க இன்னா சொல்றாங்கன்னா..." என்று நிறுத்தி, மாலை போட்டிருந்த உன் படத்தைப் பார்த்தார். "தப்பா நெனைச்சிக்காதம்மா. தங்கச்சி எழுதினதுலதான் கோளாறாம். அது பூட்டதால கேட்டு சரி பண்ண முடியலியாம். எல்லாத் தறிக்காரங்க கிட்டயும் இதையேதான் சொல்லிகினு இருக்காங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, தேனு. உனக்குப் படைத்த இலை இன்னும் எடுக்கப்படவில்லை. அதன் எதிரில் நின்று இதைக் கேட்கவேண்டுமா?

இந்தக் கடிதத்தை நான் ஊர் கேட்கத்தான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. நெசவாளர் மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும், டிசைனின் அடுத்த வரிசை எது என்று கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். பெட்டி அதற்கேற்ற கொக்கிகளைத் தூக்கும்; அவற்றோடு பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், எழும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். அந்தக் கேபிள் வழியே பேச்சை நடத்திவைக்கும் நிரலுக்குப் பெயர் டிரைவர். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்து அதை எழுதியவள் நீ.

கேபிளில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லாவிட்டால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்த இணைப்பைத் தூங்க வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். நம் லேப்டாப் பேட்டரியெல்லாம் அந்தப் புண்ணியத்தில்தான் தாக்குப்பிடிக்கிறது. பிரிண்டர்களுக்கு டிரைவர் எழுதும் நானும் அதைத்தான் செய்கிறேன். பிரிண்டர் சற்றுத் தாமதமாக விழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை, தாள் காத்திருக்கும். தறியில் மிதித்த கால் மிதித்ததுதான். இணைப்பு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவதற்குள் அந்த மிதியின் செய்தி போய்விடும். ஒரு கொக்கியும் எழாது. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மட்டும் ஓடிவிடும். விழுந்தது கோடு.

நம் வீட்டு முன்னறையில் ஆளுக்கொரு மேசை போட்டு வேலை பார்த்தோமே, அப்போது இதற்காக எவ்வளவு பேசினோம்! நீ பேசிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தேவிகாபுரத்துக்குப் போய் ராஜவேலு அண்ணன் தறி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாய். பாவில் ஓர் இழை அறுந்தால் அவர் நிறுத்துவார். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு முனையையும் முறுக்கிப் பிணைப்பார். அதற்குள் உன் சோதனைப் பெட்டி தூங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாய்ச் சொன்னாய்: "அண்ணி, அவரு கால் நின்னுச்சுன்னா வேலையே நின்னுபோச்சுன்னு இந்தப் பெட்டி நெனச்சிக்குது. இழை பிணைக்கிறதும் நெசவுதானே? அவரு வேலைதான் செஞ்சிகினு இருக்காரு."

அன்றைக்கே விதியை எழுதிவிட்டாய். கம்ப்யூட்டரில் டிசைன் திறந்திருக்கும்வரை இணைப்பு தூங்கக்கூடாது. நெசவாளர் டிசைனை மூடிவிட்டு எழுந்து போனால் தாராளமாகத் தூங்கட்டும். அவ்வளவுதான். மின்சாரமும் மிச்சம், சேலையும் பத்திரம். நீ இருந்தவரை ஒரு தறியிலிருந்தும் இந்தப் புகார் வரவில்லை.

ராஜவேலு அண்ணன் போன பிறகு, பொதுவில் கிடக்கும் அந்த நிரலை எடுத்துப் பார்த்தேன். நீ கண் மூடிய கொஞ்ச நாளிலேயே கை வைத்திருக்கிறார்கள். முதலில் எதை எடுத்தார்கள் தெரியுமா? கோப்பின் தலையில் எழுதியவர் என்று இருந்த உன் பெயரை. அந்த இடத்தில் கம்பெனி பெயர். அடுத்ததாக உன் விதியை. மிதி கொஞ்சம் நின்றாலே இணைப்பைத் தூங்கப் போடும்படி மாற்றிவிட்டு, விளம்பரத் தாளில் பச்சை இலை படம் போட்டு 'மின் சிக்கனப் பெட்டி' என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் கேபிளைத் தூங்க வைத்து மிச்சம் பிடிக்கிற மின்சாரத்தில் தறிக்கு மேல் தொங்குகிற விளக்குகூட உருப்படியாக எரியாது. அதற்கு ஒரு மனிதனின் சேலை பலி.

பெருமை என்றால் கம்பெனி பெயர். கோளாறு என்றால் உன் பெயர். நீ உயிரோடு இருந்தபோது ஒரு தறிக்காரரிடமாவது உன் பெயரைச் சொல்லியிருப்பார்களா?

சென்னைக்குப் போன் போட்டு மேலாளரைப் பிடித்தேன். "எங்க டெஸ்ட்ல வரலியே மேடம்" என்றார். "மோட்டார் வெச்சு நாள் பூரா மிதிய அழுத்த விட்டுருக்கோம். ஒரு வரிசைகூட விட்டுப்போகல."

"மோட்டாரு இழை பிணைக்க எழுந்துக்குமா சார்? நிறுத்தவே நிறுத்தாத மிதிக்கு அந்த இணைப்பு எப்ப தூங்கும்?"

பேச்சை மாற்றி, "அவங்க எழுதின பழைய புரோகிராம் மேடம், சிக்கலா இருக்குது" என்றார். என் வாயில் வந்ததை அப்படியே இங்கே எழுதினால் உன் அண்ணன் வருத்தப்படுவார்.

நேரில் வரச்சொன்னேன். வந்தார். ராஜவேலு அண்ணன் தறியில் என் லேப்டாப்பை மாட்டி, இணைப்பு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று திரையில் தெரியும்படி வைத்தேன். அண்ணன் விடாமல் நெய்தார். கோளாறே இல்லை. மேலாளர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அண்ணா, இழை அறுந்தா மாதிரி கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். திரையில் இணைப்பு தூங்கிப்போனது. "இப்ப மிதிங்க." மிதித்தார். மேலே ஒரு சத்தமும் இல்லை, ஒரு கொக்கியும் அசையவில்லை. அடுத்த மிதிக்குத்தான் தடதடவென்று எழுந்தன. பிறகு உன் விதியைத் திரும்பப் போட்டேன். அண்ணன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் முதல் மிதிக்கே கொக்கிகள் எழுந்தன. மேலாளரையே உட்கார்ந்து மிதிக்கச் சொன்னேன். அவர் காலுக்கும் எழுந்தன.

"சரி மேடம், ஒத்துக்கறேன்" என்றார். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி அவர் சென்னை போய்ச் சேரும்வரைதான். நான் அனுப்பிய திருத்தத்தைச் சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்தது. கூடவே தறிக்காரர்களுக்கென்று அவர்கள் எழுதிய விளக்கமும் வந்தது: முன்பு பணியாற்றிய காலஞ்சென்ற நிரலாளர் விட்டுச்சென்ற பிழை நீக்கப்பட்டது.

படித்துவிட்டு உடனே போன் செய்தேன். "மேடம், வாடிக்கையாளருக்கு ஏதாவது ஒண்ணு சொல்லணும் இல்ல?" என்றார். "அவங்கதான் இல்லியே, அவங்களுக்கு இன்னா நஷ்டம்? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா ஜல்தியா எல்லாத் தறிக்கும் அனுப்பிடுவோம்."

என்ன தைரியம் பார்த்தாயா? நான் ஒப்புக்கொள்ளாவிட்டால் தறிக்காரர்கள் சேலை பாழாகிக்கொண்டே இருக்கும். ஒப்புக்கொண்டால் நீ போட்ட விதியையே உன் பிழைக்கு மருந்து என்று சொல்லித் தருவார்கள். யாரைக் காட்டி யாரை மடக்குகிறார்கள்! நீ இருந்திருந்தால், 'போனாப் போவுது அண்ணி, தறி ஓடட்டும்' என்றிருப்பாயோ? சொல்லக்கூடியவள்தான் நீ. ஆனால் அதைச் சொல்ல உனக்குத்தான் உரிமை. எனக்கில்லை.

முடியாது என்றேன். மறுநாளே ராஜவேலு அண்ணனைக் கூட்டிக்கொண்டு தறி தறியாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் உன் விதியை என் கையால் போட்டுக்கொடுத்து, இது யார் எழுதியது, யார் எடுத்தது என்பதையும் சொன்னேன். வெளி ஆள் கைவைத்தால் வாரண்டி கிடையாது என்று கம்பெனியிலிருந்து ராஜவேலு அண்ணனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்க வைத்தார். "வாரண்டிய நீயே வெச்சிக்க சார். செத்த பொண்ணு மேல பழி போடற பேஜாரெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டு மிதியில் கால் வைத்தார்.

தறிகள் இப்போது நன்றாக ஓடுகின்றன, தேனு. கோடு விழவில்லை. உன் அண்ணன் இன்னும் உன் மேசையை நகர்த்த விடவில்லை. உன் டீ தம்ளரை நான்தான் யாருக்கும் கொடுப்பதில்லை. மனசு உன்னைத் தேடுகிறது, அதை எப்படிச் சுற்றிவளைத்துச் சொல்வது?

கம்பெனியோ அந்த விளக்கத்தை இன்னும் மாற்றவில்லை. சரி, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவர்கள் மாற்றாவிட்டால் அந்த டிரைவர் முழுவதையும் உன் விதியோடு தனிப் பிரதியாக நானே பொதுவில் வைப்பேன். யாரும் எடுக்கலாம், எந்தத் தறியிலும் மாட்டலாம், தலையில் உன் பெயர் இருக்கும். அதில் கோளாறு என்று எவர் சொன்னாலும் என் வீட்டு வாசலுக்கு வந்து சொல்லட்டும். நாத்தனாரோடு சண்டை போடத்தான் அண்ணி என்று ஊரில் கேலி பேசுவார்கள். உன்னோடு ஒரு நல்ல சண்டைகூடப் போட்டு முடிக்காமல் நீ போய்விட்டாய். செத்தவள் வந்து பதில் சொல்லமாட்டாள் என்றுதானே நினைத்தார்கள்? சொல்வதற்கு அவள் வீட்டில் ஆள் இருக்கிறது.

உன்னை விட்டுக்கொடுக்காத
உன் அண்ணி,
பரிமளா
ஆரணி