பீடத்துக்குப் பின்னால் ஒரு மலை

வெள்ளிக்கிழமை

"மலை எப்படியிருக்கும் ரீச்சர்?" சின்ன வகுப்பில் பிலோமினா ஒருநாள் கேட்டாள். இந்தத் தட்டையான மன்னார்த் தீவில் எதைக் காட்டுவது? "கடல் எழும்பி அப்படியே நின்றுவிட்டால் எப்படியிருக்கும், அதுதான் மலை" என்றேன்.

இன்று, கடற்றொழிலாளி ஒருவனின் மனைவியாகிவிட்ட அவளோடுதான் மல்லுக்கட்டினேன். திருநாளுக்காக எங்கள் மாதா கோயில் பீடத்தின் பின்சுவரில் நீல மலைத்தொடரொன்றை வரைவித்தது நான். மலை இறைவனின் உறுதி, உச்சியை மூடும் பனி அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது என்று உதாரணத்துக்கு மேல் உதாரணமாகச் சொன்னேன். எடுபடவில்லை.

"எங்களுக்கு அலைதான் தெரியுது ரீச்சர். மேல நுரையும் நிக்குது. எங்கட மனிசன்மார் கடலில நிக்கேக்க இதைப் பாத்துச் செபமாலை சொல்லேலுமோ?"

"அது பனியடி, நுரையில்லை!"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், மலையெண்டா எழும்பி நிக்கிற கடலெண்டு!"

கோயிலில் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பங்குப் பாதரும் சிரித்தார். நாளை மாலைக்குள் அவர்கள் சம்மதிக்காவிட்டால் சுவருக்கு வெள்ளை அடித்துவிடுவார்களாம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆயுள் முழுக்கப் படிப்பித்தவளுக்கு ஒரு மலையை விளங்கப்படுத்த முடியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. முழங்கால் வலியால் நான் அந்தப் படத்தை எப்போதும் பின்கதிரையில் இருந்துதான் பார்த்தேன். பிலோமினா பீடத்தின் அடியில் முழந்தாளிட்டுப் பார்க்கிறாள். அங்கிருந்து அந்த நீலம் தலைக்கு மேல் வந்து கவிழுமோ?

நாளை விளக்கம் சொல்லத் தொடங்காதே. முதலில் அவள் பக்கத்தில் முழந்தாளிட்டு அண்ணாந்து பார்.